செகண்டு பாயும் என் முகூர்த்தமும்

இந்தியாவில் சரியான மணி தெரிந்தவர்கள் அப்போது இரண்டே பேர். ஒருவர் டெல்லியில் ஏதோ சர்க்கார் ஆபீஸில் இருந்திருக்க வேண்டும். அவரை எனக்குத் தெரியாது. இன்னொருவர் பெரம்பலூரில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். செகண்டு பாய் என்றால்தான் தெரியும். அவருடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. ரேஷன் கடைக்காரரே அதைப் படித்துவிட்டு, "யாருங்க இது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. குவைத் பாலைவனத்தில் குழாய் பதிக்கும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் நிலம் அளக்கிற வேலை பார்த்தவர். அங்கிருந்து திரும்புகிறவர்கள் சென்ட்டு, கம்பளி, டார்ச் லைட் என்று கொண்டுவருவார்கள். பாய் கொண்டுவந்தது சோப்பு டப்பா அளவில் மஞ்சளாக ஒரு ஜி.பி.எஸ். கருவி. வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளைப் பிடித்து, நாம் எங்கே நிற்கிறோம், மணி என்ன என்ற இரண்டையும் அது சொல்லும். நிற்பது பெரம்பலூரில் என்று பாய்க்கே தெரியும். அவருக்கு வேண்டியது மணி.

கருவியை மொட்டை மாடியில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தயிர் டப்பாவைக் கவிழ்த்து, ஒயரை வென்டிலேட்டர் வழியாக இறக்கி, ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் சொருகியிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் அவர் ஒரு கடிதம் அடித்தோ, ஒரு ஆட்டம் சீட்டு விளையாடியோ நான் பார்த்ததில்லை. திரை முழுக்க மணி, நிமிஷம், செகண்டு. அப்படியும் அதற்குத் திட்டு விழும்.

"பேருதான் கம்ப்யூட்டரு. சும்மா விட்டா ஒரு நாளைக்கு மூணு செகண்டு முழுங்கிடுது தம்பி. மேலேர்ந்து வர்ற மணிய வச்சுத் தட்டிக்கிட்டே இருக்கணும்."

அவரிடம் மணி கேட்டவர்கள் பாடு திண்டாட்டம். "மணி என்ன பாய்?" என்றால், "பத்து பதினேழு, நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி மூணு... நாப்பத்தி நாலு..." என்று போய்க்கொண்டே இருப்பார். கேட்டவர் தெருமுனை திரும்பும்வரை நிறுத்தமாட்டார். பாதியில் நிறுத்தினால் தப்பான மணி சொன்னதாக ஆகிவிடுமாம்.

மாடியில் ஏதோ வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்புகிறார் என்று யாரோ வத்தி வைக்க, ஒரு நாள் கான்ஸ்டபிள் ஒருவர் விறைப்பாக வந்தார். பாய் அவருக்கு டீ கொடுத்து, அரை மணி நேரம் சாட்டிலைட் பாடம் நடத்தி, வாட்சைக் கழற்றி வாங்கித் திருத்தியும் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த கான்ஸ்டபிள் திங்கட்கிழமைதோறும் வந்தார், வாட்சைத் திருத்த. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலில் சங்கு பிடிக்கிறவரும் பாய் வீட்டில் வாட்சைச் சரிபார்த்துவிட்டுத்தான் போவார். வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும், "வாங்க, எங்க தெருவுல ஒரு ஆளக் காட்டுறேன்" என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டிப் போவோம். திருச்சிக்கு மலைக்கோட்டை, எங்கள் தெருவுக்குச் செகண்டு பாய்.

அப்படிப்பட்ட மனிதர் வந்து மாட்டிக்கொண்ட ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று வீட்டுக்கு வீடு கடிகாரத்தைக் கூட்டி வைத்திருக்கிற ஊர் எங்கள் ஊர். எதிர்வீட்டில் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு, டெய்லர் கடையில் ஏழு, எங்கள் வீட்டில் இருபது. புது மருமகளுக்கு உப்பு டப்பா எது என்று காட்டும்போதே கடிகாரத்தில் எத்தனை கழிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். மணி பார்ப்பது எங்களுக்கெல்லாம் கழித்தல் கணக்கு. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாய் அந்தக் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் வந்தது. அரியலூரில் மண்டபம், ஆவணி வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம். நான் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விட்டேன். தாலியை ராத்திரி எங்கள் வீட்டு சாமி மாடத்தில் வைத்திருந்து, காலையில் அப்பா எடுத்து வருவது எங்கள் குடும்ப வழக்கம். எட்டரைக்கு வேன் கிளம்ப வேண்டும். அதாவது எங்கள் கடிகாரத்தில் எட்டு ஐம்பது ஆகும்போது.

வியாழக்கிழமை சாயங்காலம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார், ஹாலில் யாருமில்லை. கல்யாண வீட்டில் பொய் மணி ஓடலாமா என்று பாய்க்கு மனசு பொறுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைச் செகண்டு சுத்தமாகத் திருத்திவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்.

காலையில் அப்பா, அதே கடிகாரத்தில் எட்டு ஐம்பது ஆகும்வரை நிதானமாகக் காபி குடித்திருக்கிறார். வேனில் வந்த பத்துப் பேர் கையிலும் வாட்ச் இருந்தது. பத்தும் பத்து விதமாக ஃபாஸ்ட்டு என்பதால் யாரும் எதையும் நம்பவில்லை. இருபது நிமிஷம் பிந்திய வேனுக்கு அரியலூர் ரயில்வே கேட்டும் சாத்திவிட்டது. இரண்டு கூட்ஸ் வண்டி, நடுவில் ஒரு எக்ஸ்பிரஸ்.

மண்டபத்தில் நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மணப்பெண், குனிந்த தலை நிமிராமல். வெட்கம் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். அப்பா தாலித் தட்டோடு ஓடிவந்து சேர்ந்தபோது, பெண்ணின் தாய்மாமன், உடையார்பாளையத்து முந்திரித் தோப்புக்காரர், எழுந்து நின்றார்.

"பத்தரை தாண்டிடுச்சு. ராகு காலத்துல எங்க புள்ள கழுத்துல தாலி ஏற வுடமாட்டேன்."

மண்டபத்துக் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. மாமன் வாட்சில் பத்து முப்பத்தாறு. அப்பா, "எங்க வூட்டுக் கடிகாரத்த எவனோ தொட்டிருக்கான்!" என்று கத்தினார்.

காலையிலேயே பஸ்ஸில் வந்துவிட்டிருந்த பாய் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். "நான்தான் அண்ணே தொட்டேன். தப்பு நம்ம மேலதான்." யாரும் வாய் திறப்பதற்குள், மாடியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த மஞ்சள் டப்பாவை ஜிப்பா பையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அதற்கு வானம் தெரிய வேண்டும். பின்னாலேயே பாதி மண்டபம் ஓடியது, மாலையோடு நானும். பந்தலைத் தாண்டி நடுரோட்டில் நின்று கையை உயர்த்தினார் பாய். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"ரெண்டு சாட்டிலைட்டு கிடைச்சிருக்கு... மூணு... இன்னும் ஒண்ணு வரணும், பேசாம இருங்க."

அப்பா அவர் காதோடு, "பாய், பத்து இருபத்தஞ்சுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

"உசுர வேணா கேளுங்க அண்ணே. அது நம்மளால ஆவாது." பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பத்து முப்பத்தொண்ணு, ஏழு செகண்டு."

என் கல்யாணம் அங்கே முடிந்தது என்று நினைத்தேன். மாமன் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஆனால் பாய் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணிக்கு மேலே இருந்த இன்னொரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமாக அவர் சீந்தாத வரி, நாம் நிற்கும் இடம்.

"சாமி, ராகு காலம் எதுலேர்ந்து கணக்கு?" என்று ஐயரைக் கேட்டார்.

"சூரிய உதயத்துலேர்ந்து. ஆறு மணின்னு வச்சுண்டு சொல்றது."

"எந்த ஊரு ஆறு மணி?"

பாய் டப்பாவை ஐயரிடம் நீட்டினார். "இந்தியாவுக்கெல்லாம் ஒரே மணின்னு கெழக்க ஒரு கோட்டுல வச்சிருக்காங்க. நம்ம அரியலூரு அதுக்கு மேக்க. அந்தக் கோட்டுக்கு வந்த சூரியன் இங்க வர பதிமூணு நிமிஷம் நாப்பது செகண்டு ஆவுது. நம்ம ஊரு சூரியனுக்கு இப்ப பத்து பதினெட்டுதான்."

"என்ன பாய், சூரியனே லேட்டா?" என்றார் மாமன்.

"சூரியன் லேட்டு இல்லைங்க. நாமதான் பதிமூணு நிமிஷம் ஃபாஸ்ட்டு."

வேறு எந்த ஊராக இருந்தாலும் இதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். டெல்லிக்காரன் கடிகாரத்தைக் கூட்டி வைத்திருக்கிறான், கழித்துக்கொள்ள வேண்டியதுதான்! ஐயர் விரல் விட்டு எண்ணி, "வாஸ்தவம். உள்ளூர் உதயத்துலேர்ந்துதான் பாக்கணும்" என்றார். மாமன் தன் வாட்சை ஒருமுறை பார்த்தார். "எங்க வூட்லயும் பத்து நிமிஷம் கூட்டித்தான் வச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே மண்டபத்துக்குள் போனார். மேளக்காரரைப் பார்த்து, "ம், ஆவட்டும்" என்று முதலில் கையை ஆட்டியது அவர்தான்.

நான் தாலி கட்டியபோது எல்லோரும் எங்களைப் பார்த்து அட்சதை தூவினார்கள். பாய் மட்டும் வாசலில், வெயிலில், டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேளம் கொட்டிய நொடியைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாராம்: பத்து முப்பத்தெட்டு, இருபது செகண்டு. ஒரு செகண்டு பொய் சொல்லாமல் எனக்குக் கல்யாணம் செய்து வைத்த மனிதர் அவர். இதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

எங்கள் வீட்டுக் கடிகாரத்தை அப்பா அன்று ராத்திரியே மறுபடி இருபது நிமிஷம் கூட்டி வைத்துவிட்டார்.

நாங்கள் திருச்சிக்கு வந்து பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கல்யாண நாளும் காலை பத்து முப்பத்தெட்டு, இருபது செகண்டுக்கு எங்கள் வீட்டு போன் அடிக்கும். நானும் என் மனைவியும் பத்தரைக்கே வேலையைப் போட்டுவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவோம். பாயை ஒரு செகண்டு காக்க வைக்கவும் எங்களுக்கு மனசு வராது.