எங்கள் மகள் முட்டியின் வாட்டம் குறித்து

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. அங்கு நீங்களும் அக்காவுமாவது நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது என்பதால் தபாலை நம்பியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று முகவரியை மட்டும் மாடி வீட்டுத் தையல்காரரை எழுதச் சொன்னேன். ஏமாற்றியதற்கு மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகளுக்கு இடது முட்டி மூன்றாவது தடவையாகப் போய்விட்டது. முதல் தடவை வாலிபால் மைதானத்தில் எகிறிப் பந்தை அடித்துவிட்டு இறங்கினாள், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை, யாரும் தள்ளவில்லை, டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாம், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முட்டிக்கு நடுவில் மேலெலும்பையும் கீழெலும்பையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். தொடைக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் எடுத்துப் புது ஜவ்வு வைத்தார்கள். பத்தே மாதத்தில் பயிற்சி ஓட்டத்தில் அதுவும் அறுந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா, அவளைத் திட்டினேன். "சொன்ன பயிற்சிய ஒழுங்கா செஞ்சிருந்தா இப்படி ஆகுமா?" என்று கேட்டேன். அவள் ஒரு நாள் விடாமல் செய்தவள் மச்சான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கை பட்ட இடத்தில் சுண்ணாம்பு கறுத்துப் போயிருக்கிறது. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டேதான் திட்டினேன்.

இரண்டாவது ஜவ்வு வைத்து வீட்டுக்கு அழைத்து வந்ததும், இனிமேல் என் பிள்ளை வழுக்கி விழக் கூடாது என்று வீடு முழுக்க டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டுச் சொரசொரப்பான டைல்ஸாகப் பார்த்துப் பார்த்துப் பதித்தேன். மூன்று வாரம் உங்கள் தங்கை சிமெண்ட் தூசியில் சமைத்தாள். போன மாதம் மகள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள், பால் பொங்கியது, அடுப்பை அணைக்கச் சட்டென்று திரும்பினாள், உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை, செருப்பை என் டைல்ஸ் கவ்விப் பிடித்துக்கொண்டது. வழுக்காத தரையில் நின்ற இடத்திலேயே அறுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சொல்வார்கள், என் கதையில் குரங்கு கூட மிஞ்சவில்லை.

இந்தத் தடவை வேறொரு எலும்பு டாக்டரிடம் போனோம். நாற்பது வயது அம்மா, அதிகம் பேசமாட்டார். முன்பு பார்த்தவர்கள் ஜவ்வைத்தான் பார்த்தார்கள், இவர் எலும்பைப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அதன் மேல் இரண்டு கோடு கிழித்து, கோணத்தை அளந்தார். கீழ்க்கால் எலும்பின் தலை எல்லோருக்குமே பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்குமாம், ஏழு டிகிரி, எட்டு டிகிரி. உங்கள் மருமகளுக்குப் பதினெட்டு. காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் மேலெலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது, கீழெலும்பு முன்னால் பிதுங்கப் பார்க்கிறது, ஒற்றை ஜவ்வு அத்தனையையும் இழுத்துப் பிடிக்கிறது. போதாததற்கு ஜவ்வு இருக்கிற இடுக்கும் இவளுக்குக் குறுகலாம், எலும்பிலேயே உரசுமாம்.

"நீங்க எத்தனை ஜவ்வு மாத்தினாலும் அறுந்துட்டேதான் இருக்கும். முதல்ல சாய்வக் குறைக்கணும்" என்றார். முட்டிக்குக் கீழே முன்பக்கத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, இடைவெளியை மூடித் தகடு வைத்து முடுக்கி, அதற்கப்புறம்தான் புது ஜவ்வாம். மறுபடி ஓடியாட ஒரு வருடம் ஆகுமாம்.

மச்சான், ஒரே டைல் திரும்பத் திரும்பப் பெயர்ந்து வந்தால் டைலை மாற்றாதே, அடியில் தளத்தைப் பார் என்று முப்பது வருடமாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். என் பிள்ளைக்கு இரண்டு தடவை டைலை மாற்றினேன். தளத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அப்போதுதான் அவர், "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி முட்டி ஜவ்வு அறுந்திருக்கா?" என்று கேட்டார். "எங்க மாமாவுக்கு அறுந்திருக்கு" என்றாள் மகள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் உங்கள் புது வீட்டுக் குளியலறைக்கு நான்தான் டைல்ஸ் போட்டேன். மூன்றாம் நாள் வாளியோடு உள்ளே போனவர் வழுக்கி விழுந்தீர்கள், முட்டி ஜவ்வு அறுந்தது. "தண்ணி ஓட வாட்டம் வைக்கச் சொன்னா சறுக்குமரம் கட்டி வச்சிருக்கான்" என்று கட்டிலில் படுத்துக்கொண்டு உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னீர்கள். நான் குமிழி பார்க்கும் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, கையால் தடவிப் பார்த்துப் போட்ட தரை அது. அன்றைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. சரிந்திருந்தது தரை அல்ல, உங்கள் எலும்பு. உங்கள் குடும்பத்து எலும்பு. அதுதான் உங்கள் தங்கை வழியாக என் பிள்ளை காலில் வந்து இறங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். வெளியே வைத்துப் பார்த்தால் எலும்பின் சாய்வு தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். டாக்டர் எத்தனை தரை பார்த்திருப்பார்? உங்கள் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்து முட்டி மேல் ரசமட்டத்தை வைத்தேன், குமிழி ஒரு பக்கமாக ஓடியது, "பாத்தியா உங்க வம்சத்த" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். தையல்காரருக்கு வைத்தேன், அவருக்கும் அதே பக்கம் ஓடியது. அவர் உங்களுக்குத் தூரத்து உறவாக இருக்குமோ என்று அவரிடமே கேட்டேன், இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டு மேசைக்கு வைத்தேன், அதற்கும் ஓடியது. வீட்டில் எனக்கு இப்போது ஒரு தட்டும் ஒரு தம்ளரும் மட்டும் வருகிறது, கூடவே பேச்சு வருவதில்லை.

இதற்கு நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டிருக்கிற இடத்தைச் சொல்கிறேன். ஆபரேஷன் அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன். உங்கள் மருமகள் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள். "மாமா ஆபரேஷனே பண்ணிக்காம பதினோரு வருஷமா அந்தக் காலோட நடக்கறாரு. அவர் நடக்கறத நேர்ல பாக்கணும். படி இறங்கறதப் பாக்கணும். அப்புறம் வெட்டறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன்" என்கிறாள். இருபத்து நான்கு வயது, அவள் கால், அவள் சொல்வது நியாயம். உங்களை வரச் சொல்லி உங்கள் தங்கை போன் செய்தாள். நீங்கள், "தரை தப்புன்னு அவன் ஒரு வார்த்தை ஒத்துக்கட்டும், அடுத்த பஸ்ஸுல வர்றேன்" என்றீர்களாம். செய்யாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வது மச்சான்? தொழில் என்று எனக்கு இருக்கிறது அது ஒன்றுதான்.

ஆகவே தயவுசெய்து உங்கள் பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வாருங்கள். டாக்டர் கோடு கிழிக்கட்டும். பதினெட்டு டிகிரி என்று அவர் வாயால் வந்துவிட்டால் நமக்குள் இருக்கிற வழக்கு முடிந்தது, நீங்களும் என் மேல் கோபப்பட வேண்டியதில்லை, நானும் பெருந்தன்மையாக மறந்துவிடுவேன். பிள்ளை ராத்திரி பகலாக ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். பந்தை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டாள். எக்ஸ்ரேயை மறக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லோரும் கை கால் சுகத்தோடு, குறிப்பாகக் கால் சுகத்தோடு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
டைல்ஸ் மேஸ்திரி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிறது. முந்தாநாள் ஆபரேஷனுக்கு முந்திய சோதனைக்குப் போனோம். உங்கள் தங்கை டாக்டரிடம், "எங்க ரெண்டு பேர் முட்டியையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்கம்மா, வீட்டுல நிம்மதி இல்ல" என்று கேட்டுவிட்டாள். எடுத்தார்கள். அவளுக்கு ஏழு டிகிரி. எனக்குப் பதினேழு. பிள்ளை முட்டி அச்சு அசலாக என் முட்டி. அப்படியானால் எனக்கு ஏன் ஒரு நாளும் ஜவ்வு அறுந்ததில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க எகிறிக் குதிச்சீங்க? வாழ்க்கை பூரா மண்டி போட்டே வேலை பாத்திருக்கீங்க" என்றார்.

தங்கை எலும்பு நேராக இருப்பதால் அண்ணன் எலும்பும் நேராக இருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மகள் என் ரசமட்டத்தை வாங்கினாள். தரையில் வைத்தாள், குமிழி இடப்பக்கம் போனது. முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வைத்தாள், மறுபடி மட்டத்தின் அதே முனைக்குத்தான் போனது. "அப்பா, நல்ல மட்டம்னா திருப்பி வச்சாலும் குமிழி அதே சுவர்ப் பக்கம்தான போகணும்? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். மட்டமே கோணல். உங்கள் வீட்டு வேலைக்கு ஒரு வாரம் முன்னால் அது சாரத்திலிருந்து கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். திருப்பி வைத்துப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமா பாக்கல மச்சான்.

தரை தப்பு. நான் போட்ட தரை தப்பு. உங்க காலக் கெடுத்ததும் நான், பிள்ளை கால்ல இருக்கறதும் என்னோடது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதத்தான் போனேன். மகள் விடவில்லை, "அப்படியே அனுப்புங்க, மாமா முழுசாப் படிக்கட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறாள். புது ரசமட்டம் வாங்கி, இங்கே குளியலறைத் தரையை உடைத்து நேற்றே மறுபடி போட்டுவிட்டேன், நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். நீங்கள் பயப்படாமல் குளிக்கலாம்.

எக்ஸ்ரே வேண்டாம். நீங்க வந்து அவ முன்னால ஒரு தடவை படி இறங்கிக் காட்டுங்க, போதும்.