பன்னிரண்டாவது தேக்கிலை

ஒரு காட்டில், அந்தக் காட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு ராஜாங்கம் நடந்துவந்தது. ஆண்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்த பனிக்கரடிகள். எப்படி வந்தார்கள் என்று கேட்டால், கப்பலில் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டவர்களைத்தான் முதலில் சிறையில் போட்டார்கள்.

காட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு துரைக்கரடியை அனுப்பியிருந்தார்கள். பனியில் வளர்ந்த உடம்பு, நம் ஊர் வெயில் தாங்குமா? வந்த முதல் வாரமே, கோடையிலும் வற்றாத ஒரே குளமான நாணல்குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டார். உள்ளே கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு அரசாளத் தொடங்கினார். வேலிக்கதவில் ஒரு செந்நாயைச் சேவகனாக நிறுத்தினார். செந்நாய் இதே காட்டில் பிறந்தவன்தான். இடுப்பில் சேவகன் என்று பொறித்த பித்தளை வில்லை ஏறியதும் அது அவனுக்கு மறந்துபோய்விட்டது.

சித்திரையில் ஓடைகள் எல்லாம் காய்ந்தன. காட்டெருமை கொம்பாயியின் கன்று, வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் வாசனையை மோந்தபடியே செத்துப்போனது. கொம்பாயி மூன்று நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் எழுந்து துரையிடம் நியாயம் கேட்கப் போனாள்.

"என் கையில் எதுவும் இல்லையம்மா. அக்கரை மகாசபைக்கு மனுப் போடு" என்றார் துரை, தண்ணீருக்குள் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு.

கொம்பாயி தனக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு தேக்கிலையில் எழுதினாள். 'என் கன்று தாகத்தில் செத்துவிட்டது. குளத்தைத் திறந்துவிடுங்கள்.' அவ்வளவுதான். ஆவணியில் அந்த இலை அப்படியே திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில், 'மரியாதை போதவில்லை' என்று எழுதியிருந்தது.

அப்போது கொம்பாயி மறுபடி சினையாக இருந்தாள். மாசியில் கன்று பிறக்கும், சித்திரையில் தாகம் வரும். இந்தக் கன்றையும் வேலியோரம் படுக்கவைக்க அவளுக்குத் தெம்பில்லை. நேரே புளியமரத்துப் பொந்தில் இருந்த மரநாய் அருமைநாயகத்திடம் போனாள். அவர் கச்சேரி எனப்படும் துரையின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது காட்டுக்கே மனு எழுதிக் கொடுக்கிறார்.

அருமைநாயகம் அவளுடைய இலையைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன தாயி இது? நலமா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல. உங்க நல்லாட்சியில நாங்க சொகமா இருக்கோம்னு சொல்லல. எடுத்த எடுப்புல செத்துப்போச்சுன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"என் மனசு படாத பாடாய்யா?"

"அதெல்லாம் மனுவுல வராது தாயி."

ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினார். பன்னிரண்டு தேக்கிலை ஆயிற்று. பதினோரு இலையில் புகழ்ச்சி. முதல் இலையே இப்படித் தொடங்கியது: 'கருணைக் கடலாகிய மகாசபையாரின் ஆட்சியில், துரையவர்களின் தயவால், காட்டுப் பிரஜைகளாகிய நாங்கள் நாணல்குளத்தில் வேண்டிய மட்டும் நீர் பருகி, நாவறட்சி என்பதையே அறியாமல் வாழ்ந்துவருகிறோம்.'

"குளத்தைத் தொறக்கச் சொன்னது எங்கய்யா?" என்றாள் கொம்பாயி.

"பன்னெண்டாவது இலை, கடைசி வரி. மொதல்லயே கேட்டா பிச்சைக்காரன். கடைசியில கேட்டாத்தான் பிரஜை."

இருநூற்றுப் பதினேழு மிருகங்கள் குளம்பும் பாதமும் பதித்துக் கைநாட்டு வைத்தன. முயல்கள் தங்கள் பாதம் சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை வைத்தன. மனு கப்பலேறியது.

அக்கரை மகாசபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மனுவானாலும் முதல் இலையை மட்டும் வாசிப்பார்கள். மிச்சத்தை வாசித்ததாகப் பாவித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பக்கத்து அறையில் மீன் வேறு வறுபட்டுக்கொண்டிருந்தது. முதல் இலையைக் கேட்ட கரடிகள் கண்கலங்கின. மேஜையைத் தட்டின. சாப்பிடப் போயின.

பங்குனி பிறந்ததும் முத்திரை வைத்த பதில் வந்தது. அருமைநாயகம் ஒரு மரக்கட்டைமேல் ஏறி நின்று உரக்க வாசித்தார்.

'தீர்மானம் ஒன்று: காட்டுப் பிரஜைகள் நாணல்குளத்தில் வேண்டிய மட்டும் நீர் பருகி வாழ்ந்துவருவதை மகாசபை மகிழ்ச்சியோடு உறுதிசெய்கிறது. தீர்மானம் இரண்டு: இந்த அருஞ்செயலுக்காகத் துரையவர்களுக்குத் தடாக திலகம் என்ற பட்டமும் தங்கப் பதக்கமும் வழங்கப்படும். தீர்மானம் மூன்று: பிரஜைகளுக்குக் குறை எதுவும் இல்லாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது.'

முயல்கள் அழுதன. ஒரு காட்டுப்பன்றி அருமைநாயகத்தைக் கடிக்கப் போனது. அவர் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கொம்பாயி மட்டும் அழவில்லை. ஒரு மாதக் கன்று அவள் காலை உரசிக்கொண்டு நின்றது.

"குமாஸ்தாவே, 'வாழ்ந்துவருவதை'ன்னா இப்பவும் குடிச்சிக்கிட்டு இருக்கோம்னுதானே அர்த்தம்?"

"ஆமா தாயி" என்றார் அவர், கட்டைக்குப் பின்னாலிருந்து.

"மகாசபை பொய் சொல்லுமா?"

"சொல்லாது. சொல்லாதுன்னு சட்டமே இருக்கு."

கொம்பாயி பதிலை வாயில் கவ்விக்கொண்டு வேலிக்கதவுக்குப் போனாள். காடே பின்னால் போனது.

"எங்க வர்றீங்க? போங்க, போங்க!" என்றான் செந்நாய்.

"நாங்க உள்ளதான் இருக்கோம் தம்பி. தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கோம். மகாசபை எழுதியிருக்கு, முத்திரையைப் பாரு. நீ எங்கள வெளிய நிக்கவச்சிருக்கேன்னு தெரிஞ்சா உன் வில்லை என்னாகும்?"

செந்நாய் முத்திரையைப் பார்த்தான். வில்லையைப் பார்த்தான். பயந்துபோய்த் துரையைக் கூப்பிட்டான்.

துரை சொட்டச் சொட்ட வந்து கடிதத்தைப் படித்தார். தீர்மானம் இரண்டுக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "பதக்கம் எங்கே?" என்றார்.

"அது ரெண்டாவது தீர்மானம், துரை. மொதல் தீர்மானம் பொய்யின்னு நாங்க எழுதிப்போட்டா, ரெண்டாவது எப்படி நிக்கும்?"

துரை குளத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கதவைத் திற" என்றார்.

கன்று முழங்கால் வரை இறங்கி, மூக்கை முக்கி, மூச்சுவிடாமல் குடித்தது. கொம்பாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பழைய கன்றை நினைத்து அப்போதுதான் அழுதாள்.

கரைக்கு வந்ததும் அருமைநாயகத்தைத் தேடினாள். அவர், "பார்த்தியா தாயி, என் எழுத்தோட மகிமையை?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மகாசபைக்கு இன்னொரு மனு எழுதணும்யா. இந்தக் காட்டைக் காலி பண்ணி, தொரைய எங்க கையில ஒப்படைச்சிட்டு, நீங்க ஊர் போய்ச் சேந்ததுக்குக் கோடி நன்றின்னு எழுதுங்க."

"அவங்க காலி பண்ணலையே?"

"நீங்க மொத இலையில எழுதுங்க. மிச்சத்த அவங்க பாவிச்சுக்குவாங்க."

மகாசபை அதையும் மகிழ்ச்சியோடு உறுதிசெய்தது. காலி செய்த காட்டுக்குக் கப்பல் எதற்கு என்று நிறுத்திவிட்டது. கப்பலோடு துரைக்கு வந்துகொண்டிருந்த மீனும் நின்றது. வருஷத்துக்கு ஒரு தபால் படகு மட்டும் வந்துபோயிற்று.

இரண்டு மாதம் கழித்து, கடைசிக் கப்பலில் வந்த பதக்கம் கழுத்தில் தொங்க, தோல் தொளதொளத்துப்போன ஒரு வெள்ளைக் கரடி புளியமரத்தடியில் வந்து நின்றது.

"எனக்குப் பசிக்கிறது, கப்பல் அனுப்புங்கள் என்று எழுது" என்றது.

அருமைநாயகம் பொந்திலிருந்து தலையை நீட்டினார்.

"அதை மொதல் இலையில எழுதக் கூடாது, துரை. மரியாதை போதாது."

நீதி: மேலிடத்தில் குறை சொல்லி அழாதீர்கள், குறை தீர்ந்துவிட்டது என்று நன்றி சொல்லுங்கள். இல்லை என்று அவர்கள் மறுப்பதற்கு மனுவை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.