ஓணான் கரட்டைப் பெண் பார்த்த படலம்

மனித குலத்தின் முன்னேற்றத்துக்கு நெருப்பு, சக்கரம், ரயில் வண்டி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் காரணமாயிருப்பது 'மண் குணாதிசய விசாரணை இலாகா' என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த இலாகா பிறக்கும் முன்பு திருத்தணி வட்டாரத்து ஜனங்கள் மண்மேல் நடந்தார்கள், மண்ணை உழுதார்கள், கடைசியில் மண்ணுக்குள்ளேயே போனார்கள். ஆனால் அந்த மண்ணுக்கு என்ன குணம் என்று ஒருத்தராவது விசாரித்ததுண்டா? கிடையாது. நன்றி கெட்ட ஜனங்கள். யுத்தம் வந்து அரிசி ரேஷனுக்குப் போன பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. விளையக்கூடிய நிலம் ஒரு சாண்கூடச் சும்மா கிடக்கக் கூடாதென்று உத்தரவு பிறந்தது. உத்தரவைத் தொடர்ந்து இலாகாவும் பிறந்தது.

இந்த மகத்தான முயற்சிக்குத் தோள் கொடுக்க முதலில் எழுந்து நின்றவர் கிராம முன்சீப் ராஜவேலு. திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகைக்குப் போகிற வழியில் ஓணான் கரடு என்று ஒரு சரிவு. மேலே சரளைக்கல், கீழே களிமண், இடுக்கில் குட்டைப் புல். சர்க்கார் கணக்கில் அது மேய்ச்சல் புறம்போக்கு. ஊரில் பாதிப் பேருடைய ஆடுகளை எல்லம்மாள்தான் அங்கே ஓட்டிப்போய் மேய்த்து வந்தாள். அவளுடைய சொந்த ஆடுகளும் அதில் சேர்த்தி. கரட்டை விட்டால் அவளுக்கும் ஆடுகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை.

முன்சீப்புக்கோ தேசத்தின் பசியை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. இரண்டாம் முறை போட்ட சோற்றைத்தான் சொல்கிறேன். கரட்டை இலாகாவின் மண் நிபுணர் வந்து பார்த்து 'உழவுக்கு உகந்தது' என்று எழுதிவிட்டால், உழ முன்வருகிறவருக்குப் பட்டா கிடைக்கும். உழ முன்வரப்போவது யார் என்பதில் முன்சீப்புக்குச் சந்தேகமே இல்லை. கனகம்மாசத்திரத்து வியாபாரி ஒருவரிடம் வேர்க்கடலை விளைச்சலைப் பேசி முடித்தும்விட்டார். கரடு இன்னும் கைக்கு வரவில்லை என்பதையெல்லாம் பெரிதுபடுத்துகிற சின்னப் புத்தி அவருக்குக் கிடையாது.

நிபுணர் வரும் தேதி தெரிந்ததும் தலையாரியைக் கூப்பிட்டார்.

"ஏன்டா துளசிங்கம், மாப்பிள்ளை வூட்டார் பொண்ணு பாக்க வந்தா நாம இன்னா பண்ணுவோம்?"

துளசிங்கம் ஆழ்ந்து யோசித்தான். "பஜ்ஜி போடுவோங்க."

"அதுக்கு முன்னாடி?"

"யார் வூட்டுப் பஜ்ஜி சட்டின்னு சண்டை போடுவோங்க."

"அடச்சீ! பொண்ணுக்கு மூஞ்சி கழுவி வுடுவமா மாட்டமா? கரட்டைப் பாரு, மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு மாதிரி கல்லு. இதையா அதிகாரிக்குக் காட்டறது? அத்தினியும் பொறுக்கணும்."

மறுநாள் முதல் கூலிப் பெண்கள் கூடையோடு கரட்டில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல மண்ணில் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய சரளையை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே! முன்சீப் வீட்டு மாட்டுக்கொட்டகை மழைக்காலத்தில் சேறாகிவிடும். கொட்டகைக்குள் கெட்டியாகப் பரப்பிவிட்டார்கள். பொதுக்காரியத்தில் இறங்கியவர் தமக்கென்று ஒரு கல்லைக்கூட வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மாட்டுக்கே கொடுத்தார்.

ஆடுகளோடு வந்த எல்லம்மாள் நின்று பார்த்தாள்.

"இன்னா முன்சீப்பு நைனா, கரட்டுக்குப் பேன் பாத்துகினு கீறீங்க?"

"அதிகாரி வர்றாரும்மா. ஒரு மரியாதை வேணாமா?"

"கரட்டை உழுதுட்டா என் ஆட்டுங்க எங்க போறது?"

"உன் ஆட்டுக்காகத் தேசம் பட்டினி கெடக்கணுமா?"

"தேசம் வந்து கேக்கட்டும், ஒரு குட்டியே புடிச்சிக் குடுக்கறேன். நீங்க கேட்டா ஒரு புழுக்கைகூடக் கெடையாது."

படிப்பறிவில்லாதவள். முன்சீப் மன்னித்துவிட்டார். அதிகாரி போன பிறகு ஆடுகளைப் பிடித்துச் சர்க்கார் பட்டியில் அடைத்துவிடுவதென்று மட்டும் மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டார்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாள் மத்தியானம் நிபுணர் சிவப்பிரகாசம் ரயிலில் வந்து, மாட்டு வண்டியில் கரட்டடியில் இறங்கினார். கம்பளிக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளர், கையில் தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம்.

"ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று முன்சீப் பதறினார்.

"ஏன்? இது குளிர்ந்த மேட்டு நிலம் அல்லவா?"

"இதுங்களா?"

"சரளைக் களிமண் மேய்ச்சல் நிலம் குளிர்ந்த மேட்டுப் பிரதேசங்களுக்கு உரியது. புத்தகத்தில் இருக்கிறது." அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி அந்தப் பக்கத்தின் மேலேயே விழுந்தது. "உமக்குக் குளிரவில்லையா?"

முன்சீப் மேல்துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "பல்லு கிட்டுதுங்க."

"எனக்குக் காலையிலேருந்தே வெறைக்குதுங்க" என்றான் துளசிங்கம், முதுகு வியர்வையை வழித்து எறிந்தபடி.

குழி வெட்டப்பட்டது. நிபுணர் ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடாவாக இழுத்தார். அது அறுந்து விழாமல் கோவணம் போல் நீளமாகத் தொங்கியது.

"அபாரமான களி! காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் விடாது."

பெண்ணின் பாட்டைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டியது போல் முன்சீப்புக்குப் பூரித்துவிட்டது.

"சரி, சரளை எங்கே?"

"இல்லீங்க!" என்றார் முன்சீப் பெருமையாக. "தேடிப் பாருங்க, ஒண்ணுகூட இருக்காது!"

நிபுணரின் முகம் கறுத்தது. "என்னய்யா சொல்கிறீர்? இந்த மண்ணுக்குச் சரளைதான் போர்வை. மேலே கிடந்து மழை அறுக்காமல் காப்பது அது. சரளை போன சரிவு ஒரு மழை தாங்குமா? அது மட்டும் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'உகந்தது' என்று எழுதியிருப்பேனே! சர்க்கார் நிலத்தின் சரளையை யார் எடுத்தது?"

முன்சீப்புக்கு நிஜமாகவே குளிர்ந்தது. வேர்க்கடலை, பட்டா, கனகம்மாசத்திரம் எல்லாம் ஒரு சுற்று சுற்றின. அப்போதுதான் சரிவின் ஓரத்தில் ஆடுகள் கண்ணில் பட்டன.

"ஆடுங்க தின்னுடுச்சிங்க!"

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ஆனால் நிபுணர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார்.

"வெள்ளாடா, செம்மறியா?"

"ரெண்டும் கலந்து தின்னுதுங்க."

"எந்த வேளையில்?"

"வேளை கெட்ட வேளையிலதாங்க. எல்லம்மான்னு ஒருத்தி, அவ ஓட்டிகினு வர்ற ஆடுங்க."

"அப்படியானால் வழி சுலபம். ஆடுகளைக் கரட்டிலிருந்து அடியோடு விலக்கிவிட்டு, வேறு சரளை பரப்பி, பொறுப்பான ஒருவரிடம் நிலத்தை ஒப்படைக்க வேண்டியதுதான். இங்கே அப்படி யாராவது உண்டா?"

முன்சீப் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லம்மாளைத் துளசிங்கம் கூட்டி வந்தான். "உன் ஆடுகள் இங்கிருந்த சரளைக்கல்லைத் தின்றது உண்மையா?" என்று விசாரணை நடந்தது. எல்லம்மாள் கம்பளிக் கோட்டைப் பார்த்தாள். முன்சீப்பின் காதுக்கட்டைப் பார்த்தாள். இந்த இரண்டு பேரிடமும் இல்லை என்று சொல்லிப் பிரயோசனமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஆங். தின்னுதுங்க" என்றாள்.

முன்சீப்புக்கே தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுலபமாகப் பொய் ஜெயித்து அவர் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பொய் சொன்ன அனுபவம் அவருக்குக் குறைச்சலில்லை. 'ஆடுகள் விலக்கப்படவேண்டியவை' என்று நிபுணர் எழுதத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து வானம் இருட்டி, கோடை மழை கொட்டியது. போர்வை இழந்த கரடு குழம்பாகக் கரைந்து சரிந்தது. நிபுணர் ஒரு காலைத் தூக்கினார். மற்றக் கால் இறங்கியது. அதைத் தூக்கினார்; இது இறங்கியது. துளசிங்கம் கக்கத்தில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தான். நிபுணர் வந்தார். பூட்ஸ் வரவில்லை.

"நனைஞ்சா வுடாதுன்னு ஐயா சொன்னது மெய்தாங்க" என்றான் துளசிங்கம் பக்தியோடு.

ஒதுங்கப் பக்கத்தில் இருந்தது முன்சீப்பின் மாட்டுக்கொட்டகைதான்.

"அங்க வேணாங்க! சாவடிக்குப் போவலாங்க!" என்று முன்சீப் குறுக்கே விழுந்தார். "மாடு முட்டும்ங்க! ஐயாவுக்கு நாத்தம் ஒத்துக்காதுங்க!"

நிபுணர் அவரைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே பாய்ந்தார்.

"ஐயோ!"

ஒற்றைக் காலில் குதித்தார். இன்னொரு "ஐயோ!" குனிந்து, காலில் குத்தியதை எடுத்து, மப்ளரில் துடைத்துப் பார்த்தார். வலி மறைந்து முகம் மலர்ந்தது.

"சரளை! கரட்டுச் சரளை! இது எப்படி இங்கே வந்தது?"

முன்சீப் கூரையைப் பார்த்தார். துளசிங்கம் மாட்டைப் பார்த்தான். மாடு பொறுப்பேற்க மறுத்து அசை போட்டது. பின்னாலேயே வந்து ஒதுங்கிய எல்லம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"சாமி, என் ஆட்டுங்க தின்னுதுன்னு நைனா சொன்னாரு, பெரியவரு பேச்சுன்னு நானும் ஒத்துக்கினேன். ஆனா என் ஆட்டுங்க இந்தக் கொட்டாயில ஒரு நாளும் காலு வெச்சதில்லீங்க. அங்க தின்னுட்டு இங்க போட்டிருந்தா, அது இந்த வூட்டாளாத்தானே இருக்கணும்?"

தர்க்கத்தில் ஓட்டையில்லை. நிபுணர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு முன்சீப் பக்கம் திரும்பினார்.

"நீர் எந்த வேளையில் மேய்வது வழக்கம்?"

முன்சீப் காதுக்கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஈரக் கோட்டுக்குள் நிபுணருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் கண்ணில் வெற்றி ஒளி. "பார்த்தீரா, பார்த்தீரா! குளிர்ந்த மேட்டு நிலம்தான்!"

இலாகாவின் தீர்ப்பு ஆடி பிறப்பதற்குள் வந்துவிட்டது. சர்க்கார் காரியத்தில் இத்தனை வேகம் யாருமே கண்டதில்லை. அதன்படி, சரளையைத் தின்றவரே கூடை கூடையாகச் சுமந்து மறுபடி கரட்டில் பரப்பினார். எல்லம்மாள் ஆடுகளோடு மேலே உட்கார்ந்து, "அந்தாண்ட கொஞ்சம் வெறிச்சுன்னு கீது நைனா" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள். சரிவின் அடியில் இலாகா ஒரு பலகையும் நட்டது:

'சர்க்கார் மேய்ச்சல் புறம்போக்கு. இங்கே ஆடுகள் மேயலாம். கிராம முன்சீப் மேயக் கூடாது.'

இவ்வளவு தெளிவான பலகையை ஊருக்கு ஊர், கச்சேரிக்குக் கச்சேரி, அந்தந்த உத்தியோகஸ்தர் பெயர் போட்டு நட்டுவிடலாம் என்று நிபுணர் மேலிடத்துக்கு யோசனை சொன்னார். மேலிடத்தார் அதை வெகுவாகப் பாராட்டினார்கள். பிறகு, எத்தனை பலகை தேவைப்படும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டு, யுத்த காலத்தில் அவ்வளவு மரத்துக்கு எங்கே போவதென்று கைவிட்டுவிட்டார்கள்.