ரவுண்டுக்கு ஏது அளவு

தருமன் நிலம் அளக்கிற ஆள். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கே வரப்புச் சண்டை என்றாலும் சங்கிலியும் கையுமாக அவர்தான் போய் நிற்பார். இருபது வருஷத்தில் அவர் கற்றது ஒன்றே ஒன்று: அளவு என்று எதுவும் கிடையாது, அளக்கிறவன் வைத்ததுதான் அளவு. குழி என்கிற நில அளவுக்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. ஆளைப் பொறுத்து அவருடைய அடிகூட நீளும், குறுகும்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு டாக்டர் சொன்னார்: "ஈரல் வீங்கிப்போச்சு. இப்படியே குடிச்சா ஆறு மாசத்துல குழிதான்."

"எந்த ஊர் குழிங்க?" என்றார் தருமன்.

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்டாட்டி ராஜம்மாளும் சிரிக்கவில்லை. வீட்டில் மகள் வினோதினி பத்தாவது படிக்கிறாள். தருமனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். சாகப் பயம், குடிக்காமல் இருக்க அதைவிடப் பயம்.

"அண்ணாமலையார் கோயிலுக்கு வாங்க. சாமிகிட்ட சொல்லிட்டு விட்டுடுங்க."

"ஒரேயடியா விட்டா கை நடுங்கும் ராஜம்மா. தெனம் ஒரு ரவுண்டு. அதோட நிறுத்திக்கிறேன்."

"அத சாமிகிட்டயே சொல்லுங்க."

சன்னதியில் நின்றுகொண்டு பிராந்தி என்று சொல்ல யாருக்குத்தான் நாக்கு வரும்? கண்ணை மூடிக்கொண்டு, "தெனம் ஒரு ரவுண்டு சாமி. அதுக்கு மேல கெடையாது. சத்தியம்" என்றார்.

தட்டோடு வந்த குருக்கள் பூரித்துப்போனார். "தினம் மலை சுத்தறேன்னு வேண்டிண்டேளா? பேஷ். அமோகமா இருப்பேள்" என்று கை நிறைய விபூதி கொடுத்தார்.

தருமனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஐயரும் அவுட், சாமியும் அவுட்.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த பெரிய சொம்பை எடுத்தார். முழு பாட்டிலையும் அதில் கவிழ்த்தார்.

"என்னங்க இது?"

"ஒரு ரவுண்டு."

"சொம்பு நெறையவா?"

"ரவுண்டுக்கு ஏது அளவு? எவன் ஊத்துறானோ அவன் வெக்கிறதுதான்."

அவர் குடித்து முடிக்கும்வரை ராஜம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. காலிச் சொம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்திரிங்க. ரவுண்டு போவணும்."

"என்ன ரவுண்டு?"

"மலையச் சுத்தி. பதினாலு கிலோமீட்டர்."

"அடியே, நான் சொன்னது அது இல்ல."

"ஐயர் அதத்தான சொன்னாரு? நீங்க இல்லன்னு சொல்லலியே. விபூதிய வேற வாங்கிப் பூசிக்கிட்டீங்க. வாங்க, கோயிலுக்கே போவலாம். 'நான் சொன்னது பிராந்தி சாமி'ன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

எத்தனையோ பேர் நிலத்தில் எல்லைக்கல்லை நகர்த்தி நட்டவர்தான். அண்ணாமலையாரிடம் அந்த வேலையைக் காட்டத் துணியவில்லை. செருப்பில்லாமல் நடந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டுவதற்குள் மூச்சு இரைத்தது. வழி நெடுக வரும் லிங்கக் கோயில்களில், லிங்கத்துக்கு லிங்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவள் ஒரு டம்ளர் மோர் நீட்டினாள், திட்டவேயில்லை. வீடு வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

வாசற்படியில் பொத்தென்று விழுந்தவர் ஈனசுரத்தில் கேட்டார். "சரி, சாமி ரவுண்டு முடிஞ்சுது. சாயங்காலம் என் ரவுண்டு?"

அவர் காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே ராஜம்மாள் சொன்னாள்:

"தெனம் ஒண்ணுதானங்க. இன்னிக்கிது ஆயிடுச்சு."