கட்டைவிரலும் வாசல் வெளிச்சமும்

ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தையின் நெற்றியில் ஒரு கருவியை வைத்துக் காமாலையை அளக்கிறார்களாம். நம் தெருவுக்கு அதெல்லாம் எதற்கு? கட்டைவிரல் ஐயா இருக்கிறாரே. விரலை வைத்து அழுத்தினால் போதும், காமாலை எத்தனை படி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொன்ன கையோடு இறக்கியும் விடுவார். அவர் வீட்டு முன்னால் செருப்பு விட இடமில்லை. அதில் பளபளப்பானவை எல்லாம் படித்தவர்கள் செருப்பு.

அன்றைய கூட்டத்தில் ஓர் அக்காளும் தங்கையும் நின்றார்கள். அக்காள் கையில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மகன். பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தங்கை தொண்டை வற்றக் கத்தியும் அக்காளின் மாமியார் அசையவில்லை. "அங்க போனா ஊசியால குத்துவாங்க. ஐயா ஊதுறதோட சரி."

தங்கை பேச்சை யார் மதித்தார்கள்? துணிக்கடைகளில் அவள் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்தது. எந்தத் துணியைக் காட்டினாலும் வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் விலையே கேட்பாள். கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'வாசல் வெளிச்சம்'.

உள்ளறையில் மஞ்சள் திரை, மஞ்சள் பல்பு. ஐயா பிள்ளையின் நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தார். அந்த மஞ்சளிடம் எலுமிச்சம்பழம் தோற்றது.

"ஏழாம் படி" என்றார்.

"இறக்கிடுங்க சாமி" என்று மாமியார் குழைந்தாள்.

ஊதினார். ஐயாவின் மனைவி பிள்ளையை ரோஜா நிறத் துணியில் சுற்றி முன்னறைக்குக் கொண்டுவந்தாள். அங்கே சிவப்புக் கண்ணாடி விளக்கு. பிள்ளை ரோஜாப்பூவாகிவிட்டான். கூட்டம் வாயைப் பிளந்தது.

தங்கைக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம். பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கடி தூக்கிட்டுப் போற?"

"நிறம் பாக்க, அத்தை."

"இது என்ன ஜாக்கெட் துணியா?"

"துணிக்கே பாக்குறேன். பிள்ளைக்குப் பாக்க வேண்டாமா?"

வெயிலில் முகமும் வயிறும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். "அக்கா, இங்க வந்து பாரு. அரைப் படிகூட இறங்கல."

"வெளிய கொண்டுபோனா திரும்ப ஏறிடும்" என்றார் ஐயா, அசராமல். மாமியார் தலையாட்டினாள்.

தங்கை பிள்ளையை அக்காளிடம் கொடுத்துவிட்டு, ஐயாவின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவினாள். உள்ளறைக்குள் பிடித்தாள். "அத்தை, துண்டுக்கும் காமாலை." முன்னறைக்கு வந்தாள். "இப்ப ரோஜாப்பூ. துண்டுக்கு யாரு ஊதுனது?"

யாரோ சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் செருப்பு தேடுகிற தள்ளுமுள்ளு. முதலில் செருப்பை மாட்டியது மாமியார்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கருவியை நெற்றியில் வைத்தாள். "கூடுதலா காட்டுது. ரத்தமும் எடுத்துப் பாக்கணும்."

"இது சொன்னா போதாதா?" என்றாள் மாமியார்.

"தோல் வழியா பாக்குறது ஒரு உத்தேசம்தாம்மா. நிச்சயம் பண்ணிக்கணும்."

கருவிக்கே தன்மேல் சந்தேகம் இருக்கிறது. கட்டைவிரலுக்குத்தான் ஒருநாளும் வந்ததில்லை.

காமாலையை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடந்த பிள்ளை மறுநாள் பாலுக்கு வீறிட்டான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாலும் வாய் சும்மா இருக்குமா? "இங்கயும் விளக்குதானே போடுறாங்க. ஐயாவும் அதைத்தானே போட்டாரு?"

"இந்த விளக்கு பிள்ளைக்கு, அத்தை. அவர் போட்டது நம்ம கண்ணுக்கு."

ஐயா இப்போது அடுத்த தெருவில் இருக்கிறாராம், அதே பல்புகளோடு. ரவிக்கைத் துணிக்கு வாசல்வரை நடக்கிற கால்கள், பிள்ளைக்காகவும் நடந்தால் தேய்ந்தா போய்விடும்?