சாக்லேட்டே தொடாத வீரபாகு

ஒரு காட்டில், வெளித் தின்பண்டம் எதுவும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நாய் இருந்தது. பெயர் வீரபாகு. 'இருந்தது' என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும், உத்தியோகஸ்தர் அல்லவா? ஆகவே 'இருந்தார்' என்றே வைத்துக்கொள்வோம்.

காட்டு எல்லையில் இருந்த சோதனைச்சாவடிதான் அவருடைய அலுவலகம். சுற்றிப்பார்க்க வரும் மனிதர்களின் பைகளை முகர்ந்து, சிப்ஸ், பிஸ்கட், சாக்லேட் என்று எது இருந்தாலும் பிடுங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டிய பெட்டியை அப்புறம் என்ன செய்வது என்று உத்தரவில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட வேலையை வீரபாகு தன் சொந்தப் பொறுப்பில் முடித்துவந்தார்.

இது அவருடைய மனைவி செவ்வந்திக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? புருஷன் வீட்டுக்குள் நுழையும்போதே இன்று கிரீம் பிஸ்கட்டா, முறுக்கா என்று மூக்கு சொல்லிவிடும். "வாயையாவது துடைச்சிட்டு வரக் கூடாதாங்க?" என்று கேட்பாள். அதோடு சரி.

ஒருநாள் நண்பகலிலேயே வீரபாகு வீடு திரும்பினார். திரும்பியவர் உட்காரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார், இரண்டு முறை வாந்தி எடுத்தார், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரைத்தார். நெஞ்சு படபடவென்று அடிப்பது தோலுக்கு மேலேயே தெரிந்தது. செவ்வந்தி அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். சாக்லேட். நாய்க்கு அது விஷம். அதிலும் இது கசப்புச் சாக்லேட்.

"எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"ஒரே ஒரு துண்டு. கெட்டுப்போச்சான்னு ருசி பார்த்தேன். கடமைதானே?"

ஏழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அவருடைய ஒரு துண்டு எத்தனை துண்டு என்று தெரியாதா? சாவடிக்கு ஓடினாள். தகரப் பெட்டிக்கு அடியில் உறை கிடந்தது. முழுப் பாளம். சின்னப் பாளம் கூட இல்லை, குடும்பப் பாளம். உறையைக் கவ்விக்கொண்டு வந்தவளிடம், பக்கத்து வீட்டுக் கொக்கு, "உப்புத் தண்ணியைக் கரைச்சு ஊத்து செவ்வந்தி, எல்லாம் வெளிய வந்துடும். என் மாமியாருக்கு அப்படித்தான் பண்ணினோம்" என்றது.

"உங்க மாமியார் இப்ப எப்படி இருக்காங்க?"

கொக்கு ஒற்றைக்காலை மாற்றி வைத்துக்கொண்டது. செவ்வந்தி வீரபாகுவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது ஆமை. பெயர், இனம், உத்தியோகம், என்ன சாப்பிட்டார் என்று நான்கு கட்டம் போட்ட படிவத்தை நீட்டியது. நான்காவது கட்டத்தைப் பார்த்ததும் வீரபாகுவுக்கு நடுக்கம் கூடியது.

"புல்லுன்னு எழுதுடி" என்றார் காதோரமாக.

"புல்லு தின்னா இப்படியா உதறும்?"

"சாக்லேட்டுன்னு எழுதினா வேலை போயிடும்."

"உசிரே போனப்புறம் வேலையை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"வேலை போனப்புறம் உசிரை வெச்சு என்னடி பண்றது?"

வரிசையில் நின்று வாதம் செய்ய நேரமில்லை. அவரே நடுங்கும் காலால் 'புல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். உள்ளே போனதும் செவ்வந்தி உறையை டாக்டர் முன்னால் வைத்துவிட்டாள்.

டாக்டர் ஒரு முள்ளம்பன்றி அம்மாள். அந்தக் காட்டில் ஊசிக்குத் தட்டுப்பாடு வராததற்கு அவர்தான் காரணம். உறையைப் புரட்டிப் பார்த்தார்.

"இது முழுசுமா? எப்ப?"

"முழுசுந்தான். பதினோரு மணி வாக்குல."

"எடை?"

"போன மாசம் பதினெட்டுக் கிலோ."

"என்ன, எவ்வளவு, எப்போன்னு ஒளிக்காம சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே ஊசியையும் போட்டுவிட்டார். வயிற்றைக் காலிசெய்து, கரித்தூள் கரைத்துப் புகட்டி, மறுநாள் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். வீரபாகு பிழைத்தார். செவ்வந்தி ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை வைத்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் உண்மை பேசினால் உயிர் பிழைக்கலாம் என்று நீதி சொல்லிவிட்டு நாமும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் டாக்டர் எழுதிய அறிக்கை காட்டு தர்பாருக்குப் போனது. தர்பாரில் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்குத் தலைவர் காட்டெருமை.

காட்டெருமை ஒன்பது நாள் அசைபோட்டுத் தீர்ப்பு எழுதியது. 'இவ்வளவு சாக்லேட் தின்ற நாய் பிழைக்காது என்று வைத்திய நூலில் இருக்கிறது. வீரபாகு பிழைத்திருக்கிறார். ஆகவே அவர் தின்னவில்லை. தாம் புல்தான் தின்றதாக அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தின்னாத சாக்லேட்டுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் விளக்கம் தர வேண்டும். இந்தக் காட்டில் நாய்கள் சாக்லேட் தின்பதில்லை என்று இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.'

அந்தக் கடைசி வரியைப் பலகையில் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் மாட்டினார்கள். வீரபாகுவுக்கு மாலை போட்டு, 'நேர்மையின் மூக்கு' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் நேர்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். செவ்வந்திக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேசுவதற்கு ஆள் இருக்கிறாரே என்று பொறுத்துக்கொண்டாள்.

சான்றிதழைச் சாவடியில் மாட்டி, தினமும் பார்த்துப் பார்த்து, தமக்குச் சாக்லேட் ஒன்றும் செய்யாது என்று வீரபாகுவே நம்பத் தொடங்கிவிட்டார். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் தகரப் பெட்டி நிரம்பி வழிந்தது. இந்த முறை இரண்டு பாளம்.

செவ்வந்தி உறைகளோடு அவரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது அவருக்குக் கால்கள் நான்கும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆமை படிவத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"வாங்க முடியாதும்மா. இனம்ங்கிற இடத்துல நாய்னு இருக்கு. சாப்பிட்டதுங்கிற இடத்துல சாக்லேட்னு இருக்கு. ரெண்டும் சேர்ந்து வரக் கூடாதுன்னு உத்தரவு."

டாக்டர் வெளியே ஓடிவந்து பார்த்தார், பலகையையும் பார்த்தார். "போன தடவைக்கே நான் இன்னும் விளக்கம் எழுதிட்டு இருக்கேன்மா. நாய்க்கு இந்த மருந்தை எடுத்தா ஆஸ்பத்திரியையே பூட்டிடுவாங்க" என்றார். நல்லவர்தான், பாவம்.

வீரபாகுவுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. "நான் தின்னேன்! ரெண்டு பாளம் தின்னேன்! போன தடவையும் நான்தான் தின்னேன்!" என்று கதறினார்.

வரிசையில் நின்ற முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எவ்வளவு பெரிய மனுஷன்! செய்யாத தப்பைக்கூடத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க" என்றது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

செவ்வந்தி புருஷனைப் பார்த்தாள். கண் சொருகிக்கொண்டிருந்தது. படிவத்தைப் பார்த்தாள். ஆமையின் பேனாவைப் பிடுங்கி, 'நாய்' என்பதை அடித்துவிட்டு 'நரி' என்று எழுதினாள்.

ஆமை நிதானமாகப் படித்தது. "நரின்னா பரவாயில்ல. நரியைப் பத்தி உத்தரவு ஒண்ணும் வரல" என்று முத்திரை குத்தியது. முத்திரை விழுந்த சத்தம் கேட்பதற்குள் டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு நரி பிழைத்தது.

சாவடிக்கு வேலைக்குப் போன நரியை உள்ளே விடவில்லை. "நான்தான்யா வீரபாகு" என்று சொல்லிப் பார்த்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டச் சொன்னார்கள். காட்டியது. அத்துடன் பேச்சு முடிந்தது. வீரபாகு என்கிற நேர்மையான நாயைத் தர்பார் சில நாள் தேடிவிட்டு, கடமையின்போது காணாமல் போனார் என்று எழுதி, கருணை அடிப்படையில் அந்த வேலையை அவர் மனைவிக்குக் கொடுத்தது.

செவ்வந்தி முதல் நாளே ஆழமாக ஒரு குழி வெட்டி, பெட்டியில் இருந்ததை எல்லாம் கொட்டி மூடினாள். உத்தரவில் அது எழுதவில்லைதான்.

தினமும் சாயங்காலம் ஒரு நரி சாவடியைத் தாண்டிப் போகும். அன்றைக்கும் வந்தது.

"நில்லுங்க. வாயைத் திறங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"நான் உன் புருஷன்டி."

"எழுத்துல இருக்கா?"

நரி தலையைக் குனிந்துகொண்டது. "புல்லு" என்றது.

செவ்வந்தி குனிந்து முகர்ந்து பார்த்தாள். புல் வாசனைதான் அடித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்ததும் சாவடியைப் பூட்டிக்கொண்டு, நரியோடு வீட்டுக்கு நடந்தாள்.

நீதி: நாய் சாக்லேட் தின்றுவிட்டால் என்ன, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவும். நாய் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.