கட்டிலுக்குக் கீழே தேடிய ஹீட்டர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போட்டிருந்தால், இரண்டுமே பழுது என்று முடிவுகட்டிவிடுவேன். இப்படிப்பட்டவன் ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு வாங்கப் போயிருக்கவே கூடாது.

அறையைச் சூடாக்கும் ஒவ்வொரு சுடுநீர் ரேடியேட்டரிலும் ஒரு வால்வைப் பூட்டிவிட்டால், எந்த அறைக்கு எவ்வளவு சூடு என்பதைக் கைத்தொலைபேசியிலேயே தீர்மானிக்கலாம். மோர்டனில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு இது கட்டாயம் வேண்டும் என்றாள் மனைவி ரஞ்சி. ஒரு மாதம் ஆராய்ந்தேன். ஒரு கம்பனி என் பிறந்த திகதியைக் கேட்டது. (ரேடியேட்டருக்கு என்ரை சாதகம் என்னத்துக்கு?) இன்னொன்றை எல்லோருமே புகழ்ந்து எழுதியிருந்தார்கள், அதனாலேயே அதை ஒதுக்கினேன். கடைசியில், பாதிப்பேர் திட்டியிருந்த ஒன்றை நம்பி வாங்கினேன்.

மேசையில் வைத்தே ஒவ்வொரு வால்வுக்கும் தொலைபேசியில் அறையின் பெயரைக் கொடுத்தேன். மாறிப்போகாமல் இருக்க அதே பெயரைத் துண்டில் எழுதி வால்விலும் ஒட்டினேன். எங்கள் வீட்டில் புதுச்சாமான் எதுவும் முதலில் சாமிக்கு முன்னால் போகவேண்டும். ரஞ்சி ஆறு வால்வையும் தட்டில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துத் தந்தாள். நான் துண்டைப் பார்த்து ஒவ்வொரு அறையிலும் பூட்டினேன்.

அந்தக் கிழமைதான் ரஞ்சியின் அண்ணர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு தங்கச்சியைப் பார்க்க, அதுவும் தை மாதக் குளிரில். அவருடைய அறைக்குப் பதினாறு பாகை வைத்தேன். (கஞ்சத்தனம் இல்லை, ரெண்டு போர்வை குடுத்தனான்.) எங்கள் அறைக்கு இருபத்து மூன்று.

மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பல் கிடுகிடுத்தது. ரஞ்சி கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தாள். தொலைபேசியோ எங்கள் அறை இருபத்து மூன்று என்றது. இருவருக்கும் காய்ச்சல்தான் என்று பனடோல் எடுத்தோம். அந்த நேரம் மச்சான் வெறும் பனியனோடு தன் அறையிலிருந்து வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அவர் அறை பதினாறு என்றது தொலைபேசி.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனிதர் களவாக ஒரு மின்சார ஹீட்டர் வைத்திருக்கிறார். தண்டனையாக அவர் அறையைப் பதினாலாகக் குறைத்து, எங்கள் அறையை இருபத்தைந்தாக்கினேன். எனக்குக் குளிரில் விறைப்புக் கூடியது. அவருக்கு வேர்வை கூடியது. ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தீர்மானித்தேன்.

சனிக்கிழமை அண்ணனும் தங்கச்சியும் கடைக்குப் போனார்கள். நான் அவர் கட்டிலுக்குக் கீழே இடுப்புவரை புகுந்திருந்தபோது, மறந்துபோன மஃப்ளரை எடுக்க மச்சான் திரும்பி வந்துவிட்டார்.

"என்ன மச்சான் தேடுறியள்?"

எலி என்று சொல்லியிருக்கலாம். குளிரில் மூளை வேலை செய்யவில்லை.

"ஹீட்டரை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சட்டைகளை மடிக்கத் தொடங்கினார். பின்னால் வந்த ரஞ்சியிடம், வெம்பிளியில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். ரஞ்சியின் கண் கலங்கிவிட்டது. இவர் இன்று போனால் என்னை அவள் வாழ்நாள் முழுக்க மன்னிக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் விடாமல் என் ஆதாரத்தைக் காட்டத் தொலைபேசியை நீட்டினேன். அவள் அதைப் பறித்து, 'அண்ணர் அறை' என்பதை முப்பதுக்கு ஏற்றினாள். அங்கிருந்த ரேடியேட்டர் சும்மா இருந்தது. பக்கத்தில் எங்கள் அறையில் கிர்ரென்று வால்வு திறக்கும் சத்தம் கேட்டது.

ரஞ்சி குனிந்து வால்வில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தாள். "பொட்டு வைக்க இடமில்லையெண்டு ரெண்டு துண்டை உரிச்சனான். திருப்பி ஒட்டேக்கை மாறிப்போச்சுப் போலை."

மச்சான் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு இந்த அறை அவிஞ்சது மச்சான். யன்னலைத் திறந்துதான் படுத்தனான். நான் குளிருக்குப் பழக்கமில்லாதவன் எண்டு நீங்கள் பாத்துப் பாத்துச் சூடு போடுறியள் எண்டு நினைச்சன். அதுதான் ஒண்டும் சொல்லேல்லை."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தார்.

ஆனால் கதை அவருக்கு முன்னமே வெம்பிளிக்குப் போய்விட்டது. இப்போதும் நாங்கள் அங்கே தங்கப் போனால், கட்டிலுக்குக் கீழே கூட்டித் துடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சட்டை ஊத்தையாகக் கூடாதாம்.